இரண்டாவது சாவி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

செயலாளர் 20 நிமிஷம்தான் கொடுத்திருக்கார். போன தடவை ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள பிரியாணி ஆறிப்போச்சாம். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

"உன் வேலையைப் பத்திப் பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்"னு சொன்னார். என் வேலைக்குப் பெயர் பிரிவிலேஜ்டு ஆக்சஸ் மேனேஜ்மென்ட். சுருக்கமா 'பாம்'. ஒருமுறை சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்ல நின்னு போன்ல, "ஆமா சார், பாம் நைட்டே வெச்சாச்சு, காலைல டெஸ்ட் பண்ணிடலாம்"னு சத்தமா பேசிட்டேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை.

நான் யானைக்கவுனிப் பையன். கவுனி என்றால் கோட்டை வாசல். 18ஆம் நூற்றாண்டில் பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் மதில் எழுப்பினான். அந்த மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் நம்ம யானைக்கவுனி. மதில் கட்டின செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கிவிடலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பின் மிச்சம்தான் 'வால்டாக்ஸ் ரோடு' என்கிற பெயர். மதிலும் போச்சு, வாசலும் போச்சு, பெயர் மட்டும் பஸ் போர்டுல இருக்கு. வாசல் என்று இருந்தால் திறப்பவன் ஒருவன், சாவி ஒன்று, சாவியை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டை ஒன்று, இந்த மூன்றும் இருக்கும். என் தொழிலும் இதேதான்.

ஒரு கம்பெனியில் ஆயிரம் பேர் கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். அவரவர் பாஸ்வேர்டு அவரவர் வேலைக்கு மட்டும் செல்லும். ஆனால் சில பாஸ்வேர்டுகள் இருக்கின்றன, அவற்றை வைத்து எதையும் செய்யலாம். சர்வரை நிறுத்தலாம், சம்பளக் கணக்கை மாற்றலாம், மொத்த டேட்டாபேசையும் அழிக்கலாம். ஒரு காலத்தில் இவற்றை ஒரு எக்செல் ஃபைலில் போட்டு நாலு பேர் வைத்திருந்தார்கள். (இன்னும் சில இடத்தில் அப்படித்தான். முன்வரிசையில் ரெண்டு பேர் சிரிக்கிறாங்க, அதுலயே தெரியுது!) இப்போது இவற்றையெல்லாம் ஒரு டிஜிட்டல் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுகிறோம். வேலை செய்கிறவருக்கு பாஸ்வேர்டு தெரியாது. பெட்டகத்திடம் அனுமதி கேட்பார்; அது உள்ளே விட்டு, அவர் செய்வதைப் பதிவும் செய்துகொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை எல்லா பாஸ்வேர்டையும் அதுவே மாற்றியும்விடும். மனிதர்கள் மட்டுமல்ல, மற்ற மென்பொருள்களும் தங்களுக்கு வேண்டிய பாஸ்வேர்டை இந்தப் பெட்டகத்திடம்தான் கேட்டு வாங்கும்.

அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கேள்வி. பெட்டகம் இருக்கிற சர்வரே படுத்துவிட்டால்?

அதற்காகத்தான் ஸ்டாண்ட்பை. இன்னொரு ஊரில், இன்னொரு கட்டடத்தில், அதே மாதிரி ஒரு பெட்டகம். முதல் பெட்டகத்தில் மாறுவதெல்லாம் சில நிமிஷத்தில் இங்கேயும் பிரதியாகும். முதலாவதின் நாடித்துடிப்பை இது பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் இது எழுந்து வேலையை ஏற்கும். இதைத்தான் ஃபெயில்ஓவர் என்கிறோம். வரைபடத்தில் போட்டுக் காட்டினால் ரெண்டு பெட்டி, நடுவில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். அந்த அம்புக்குறியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு இரும்புப் பெட்டியைப் பற்றிச் சொல்லணும்.

என் அப்பா சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளை. கடைக்குள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. ஒரு சாவி சேட்டின் இடுப்பில். இன்னொன்று அவர் தம்பி வீட்டில். வருஷா வருஷம் தீபாவளிக்குப் புதுக் கணக்கு போடுகிற அன்றைக்கு சேட் தன் சாவியைத் தொடவே மாட்டார். தம்பி தன் சாவியைக் கொண்டுவந்து பெட்டியைத் திறக்கணும். திறந்ததும் பூட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய், ஒரு பொட்டு, பூ. நான் சின்னப் பையனாக லட்டு வாங்கத்தான் அங்கே நிற்பேன். இது பூஜைச் சடங்கு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் தம்பி சாவி உள்ளே போச்சு, திரும்பலை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பூட்டை ரிப்பேர் செய்திருந்தார்கள், அந்தச் சாவியைச் சேர்த்துச் சரிபார்க்கவில்லை. சேட் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். "இன்னைக்கே தெரிஞ்சுதே"ன்னு பூட்டுக்காரனுக்கு ஆள் அனுப்பினார்.

இதை நான் புரிந்துகொள்ள 2022 வரைக்கும் ஆச்சு.

அப்போது நான் வேலை பார்த்தது எண்ணூர் பக்கம் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் உள்ளே வரும், வெளியே போகும். ஒவ்வொரு லாரிக்கும் கேட்டில் கம்ப்யூட்டர் சீட்டு. சீட்டு போடுகிற மென்பொருளுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வேண்டும். அது பெட்டகத்திடமிருந்து வரும். பெட்டகத்துக்கு நான் பொறுப்பு. ஸ்டாண்ட்பை பெட்டகம் வேறு ஊரில் இருந்தது. அதையும் நான்தான் நிறுவினேன், நிறுவிய அன்று ஒருமுறை சோதித்தேன், மேலதிகாரி கைகுலுக்கினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முதல் பெட்டகம் உறைந்து நின்றது. சில நிமிஷத்தில் ஸ்டாண்ட்பை தானாக எழுந்தது. என் போனில் செய்தி வந்தது, வீட்டில் காபி குடித்துக்கொண்டே பெருமையாகப் பார்த்தேன். அடுத்த செய்தி கேட்டிலிருந்து. "சார், சீட்டு வரமாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது."

என்ன நடந்தது என்றால், சனிக்கிழமை இரவே பிரதி எடுக்கிற வேலை நின்றுவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சலும் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போய் ஆறு மாசமான ஒருவரின் முகவரிக்கு. ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு வழக்கம்போல முதல் பெட்டகம் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றியது. ஸ்டாண்ட்பையிடம் இருந்ததோ சனிக்கிழமை பாஸ்வேர்டு. பூட்டை மாத்தியாச்சு, தம்பி கையில் பழைய சாவி. அதோடு விடலை. மென்பொருள் திரும்பத் திரும்பப் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்க, யாரோ திருட வருகிறான் என்று டேட்டாபேஸ் அந்தக் கணக்கையே பூட்டிவிட்டது.

நான் ஓடினேன். போனதும் நான் செய்த முதல் காரியம், முதல் பெட்டகத்தை ரீஸ்டார்ட் பண்ணினேன். நம்ம எல்லார் கையிலும் இருக்கிற வியாதி அது. பெட்டகம் சாதாரண சர்வர் இல்லை. நின்று மறுபடி தொடங்கும்போது ஒரு சாவிக் கோப்பைக் கேட்கும். அந்தக் கோப்பு சர்வரிலேயே இருந்தால் சர்வரைத் திருடுகிறவனுக்கும் கிடைத்துவிடும் என்று, அதை ஒரு சி.டி.யில் எழுதி, இரண்டு பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு பூட்டின் சாவி எங்கள் துறையில். மற்றது நிதித்துறைத் தலைவரிடம். அவர் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். குடும்பத்தோடு. சாவி அவர் வீட்டு பீரோவில், வீடு பூட்டி.

இதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தேன். அவசரத்துக்கென்று ஒரு உறை. டேட்டாபேஸ் சர்வரின் முதன்மை பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, அரக்கு வைத்து, ஷிப்ட் மேனேஜரிடம் கொடுத்திருந்தேன். உடைத்தோம். என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அந்தக் கணக்கு மட்டும் வாராந்திர மாற்றத்தில் சேரக்கூடாது என்று முதலில் தனியாக வைத்தவன் நான்தான். பிறகு தணிக்கைக்காரர் கேட்டார் என்று பட்டியலில் சேர்த்தவனும் நான்தான். உறையை மாற்றணும் என்று தோணவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் பாஸ்வேர்டு எத்தனையோ முறை மாறியிருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை, இங்கே இருக்கிற மாணவர்கள் யாரும் நிற்கவேண்டாம்.

கேட்டில் ஒரு பழைய குமாஸ்தா எங்கிருந்தோ கார்பன் பேப்பரும் ரசீதுப் புத்தகமும் எடுத்து வந்தார். கையால் எழுதி எழுதி லாரியை விட்டார். ஆனாலும் வரிசை சாலை வரைக்கும் போயிற்று. லாரிக்காரருக்கு ஒரு ராத்திரி நின்றால் ஒரு டிரிப் போச்சு, படியும் போச்சு. நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருத்தர் என்கிட்ட வந்தார். திட்டுவாரென்று நினைத்தேன். "ஏன் சார், உங்க பூட்டு உங்களுக்கே திறக்கலையா?"ன்னு கேட்டார். உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். பதில் சொல்லத் தெரியலை.

நிதித்துறைத் தலைவர் அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாவியோடு வந்தார். வேட்டிகூட மாற்றவில்லை. சி.டி.யைப் போட்டோம், பெட்டகம் திறந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன், இல்லை. ராத்திரி முழுக்க ஸ்டாண்ட்பைதான் பொறுப்பில் இருந்தது அல்லவா? அதற்குத் திறக்க முடிந்த 11 கணக்குகளின் பாஸ்வேர்டை அதுவும் மாற்றி வைத்திருந்தது. இப்போது இரண்டு பெட்டகம், இரண்டும் "நான்தான் முதலாளி" என்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியாகப் பூட்டு மாற்றின கதை. முதலில் ஸ்டாண்ட்பையை நிறுத்தி, அந்த 11-ஐக் கையால் எடுத்து எழுதி, பிறகுதான் முதல் பெட்டகத்தைப் பொறுப்பில் விட்டோம். போவதை விடத் திரும்பி வருவதுதான் கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் ஃபெயில்ஓவருக்கு நாலு பக்கம் இருந்தால், ஃபெயில்பேக்குக்கு நாலு வரிதான் இருக்கும்.

சின்ன கம்பெனி, சின்னத் தவறு என்று நினைக்கலாம். பெரிய இடத்துக்கு வருவோம்.

2021 பிப்ரவரி 24. மும்பையில் தேசியப் பங்குச் சந்தை, என்.எஸ்.இ., காலை 11.40-க்கு நின்றது. பங்கு வாங்கி விற்கும்போது யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கிற ரிஸ்க் மேனேஜ்மென்ட் அமைப்பு கிடைக்காமல் போயிற்று. அது இல்லாமல் வியாபாரம் நடத்த முடியாது. அவர்களிடம் இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று. இரண்டுமே தடுமாறின. இரண்டு மையங்களுக்கு இடையே இருந்த சாலையில் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும்தான் முக்கியக் காரணம் என்று பின்னால் சந்தையே அறிக்கை கொடுத்தது. அந்தத் தடுமாற்றத்தில், தகவல் சேமிக்கிற அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்து, சர்வர்களுக்கு எட்டாமல் போயிற்று.

யானைக்கவுனிக்காரனுக்கு இது உடனே புரியும். ராஜா முத்தையா சாலையிலிருந்து வால்டாக்ஸ் சாலைக்குப் போகிற நம்ம பாலத்தை இடித்துக் கட்டினார்களே, எத்தனை வருஷம்! அப்போது "நான் பஸ்ல போறேன்", "நான் ஆட்டோல போறேன்"னு சொல்லி என்ன பிரயோஜனம்? இரண்டும் அதே பாலத்தில்தானே ஏறணும். பேசின் பிரிட்ஜ் வழியாகவோ சென்ட்ரல் வழியாகவோ சுற்றிப் போனவன்தான் மாற்று வழி வைத்திருந்தவன்.

இதில் நமக்கு இன்னொரு சம்பந்தம் உண்டு. அந்தச் சந்தையின் பேரிடர் மீட்பு மையம், அதாவது தூரத்து ஸ்டாண்ட்பை, நம்ம சென்னையில்தான் இருக்கிறது. மும்பையே மூழ்கினாலும் இங்கிருந்து நடத்தலாம் என்பதற்காக வைத்தது. அன்றைக்கு அதற்கு மாறவில்லை. மும்பையிலேயே சரிசெய்து, 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நடத்தினார்கள். நான்கு மணி நேரம் நாட்டின் பெரிய சந்தை மூடிக்கிடந்தது. ஏன் மாறவில்லை என்று செபி கேட்டது.

நான் அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். "இதோ, இன்னும் பத்து நிமிஷத்துல சரியாயிடும்"னு பக்கத்தில் ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருப்பார். மாறினால் கடைசிச் சில நிமிஷத்துக் கணக்கு விட்டுப்போகுமோ என்று பயம். மாறின பிறகு திரும்பி வரணுமே என்று இன்னொரு பயம். யார் "மாத்து"ன்னு சொல்வது? சொன்னவன் தலையில்தானே விடியும்? பத்து நிமிஷம், பத்து நிமிஷமாக நேரம் போய்விடும்.

அடுத்த மாசமே, 2021 மார்ச்சில், செபி இந்தத் தயக்கத்தின் மேலேயே கை வைத்தது. முக்கியமான அமைப்பு நின்றால் 30 நிமிஷத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிஷத்துக்குள் வேலை மறுபடி நடக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது அந்த முதல் 30. இயந்திரத்துக்குக் கெடு வைப்பதற்கு முன்னால் மனிதனின் தயக்கத்துக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். பிறகு 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, லீவு நாள். அன்றைக்குச் சந்தையைத் திறந்து, முதல் பகுதியை வழக்கமான இடத்திலிருந்தும், இரண்டாவது பகுதியை மீட்பு மையத்திலிருந்தும் உண்மையான வியாபாரமாகவே நடத்தினார்கள். மே 18-இல் மறுபடியும். சேட் தீபாவளிக்குத் தம்பி சாவியால் பெட்டியைத் திறந்த கதைதான்!

நம்ம பெட்டக விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஃபேஸ்புக். 2021 அக்டோபர் 4. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கிற வலைப்பின்னலே அறுந்தது. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே வலைப்பின்னலில்தான் இருந்தன. பொறியாளர்களை நேரில் அனுப்பினார்கள். வெளியாள் நுழையக்கூடாது என்று கட்டின கட்டடம், சொந்த ஆளையும் சுலபத்தில் விடவில்லை. சுமார் ஆறு மணி நேரம் உலகம் வாட்ஸ்அப் இல்லாமல் இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று என் மனைவி சொல்கிறார், அது வேறு விஷயம்.

2024 ஜூலை 19 உங்களுக்கே ஞாபகம் இருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸை நம்ம குமாஸ்தா மாதிரியே கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்ய, பல கம்ப்யூட்டர்களில் வட்டைத் திறக்கிற மீட்புச் சாவி வேண்டும். சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்த சர்வரும் அதே நீலத் திரையில் நின்றது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டின மாதிரி.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் என்ன மாற்றினோம் என்று சொல்லிவிடுகிறேன். செயலாளர் கடிகாரம் பார்க்கிறார்.

தானாக மாறுவதை நிறுத்தினோம். எங்களைப் போன்ற இடத்துக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் இந்த ஹாலிலேயே உண்டு. நடுவில் இருக்கிற லைன் அறுந்தால்கூட, முதலாவது செத்துவிட்டது என்று ஸ்டாண்ட்பை நினைத்துக்கொள்ளும். பெட்டகம் இரண்டாகிவிடும். எங்களுடையதில் ஒரு ஆள் பார்த்து, பிரதி எத்தனை நிமிஷம் பின்தங்கியிருக்கிறது என்று படித்து, பிறகு பொத்தானை அழுத்தணும். அந்த ஆள் யார் என்று ஷிப்ட் வாரியாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. அவர் மேலதிகாரியைக் கேட்கவேண்டியதில்லை. மாற்றியது தவறு என்று பின்னால் தெரிந்தாலும் அவரை யாரும் கேட்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கினேன். அந்த ஒரு கடிதம் வாங்கத்தான் மூன்று மாசம் ஆச்சு, மற்றதெல்லாம் ஒரு வாரம்.

பிரதி பின்தங்கியிருந்தால் வாராந்திர பாஸ்வேர்டு மாற்றம் தொடங்கவே தொடங்காது. இது ஒரு சின்ன நிபந்தனை. இதை முதலிலேயே போட்டிருந்தால் இன்றைக்கு உங்களிடம் சொல்ல எனக்குக் கதையே இருந்திருக்காது.

அரக்கு உறை இன்னும் இருக்கிறது. அந்தக் கணக்கு வாராந்திரப் பட்டியலில் இல்லை. மூன்று மாசத்துக்கு ஒருமுறை உறையை உடைத்து, அந்த பாஸ்வேர்டால் உண்மையிலேயே உள்ளே போய்ப் பார்த்து, புதிதாக மாற்றி, மறுபடி உறை போடுகிறோம். தணிக்கைக்காரருக்கு இதை விளக்கினேன், ஒத்துக்கொண்டார். இரும்புப் பெட்டியின் இரண்டாவது சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. இருவரும் ஒரே கல்யாணத்துக்குப் போகக்கூடாது! சிரிக்காதீங்க, அப்படியே விதிமுறையில் எழுதியிருக்கிறது.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒத்திகை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தன் 2023ஆம் ஆண்டு நெறிமுறையில் முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையாவது மீட்பு ஒத்திகை கட்டாயம் என்று வைத்திருக்கிறது. நாங்கள் வங்கி இல்லை, ஆனாலும் அதையே எடுத்துக்கொண்டோம். ஒத்திகை என்றால் ஸ்டாண்ட்பையை எழுப்பிப் பார்த்துவிட்டுத் தூங்க வைப்பது இல்லை. ஒரு வாரம் ஸ்டாண்ட்பையிலேயே கம்பெனி ஓடும். அதற்குள் ஒரு பாஸ்வேர்டு மாற்றமும் வரும். பிறகு திரும்பி வருவோம்.

கடைசி ஒத்திகையை நான் நடத்தவில்லை. நம்ம கல்லூரியில் படித்து, சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். நான் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் 40 நிமிஷத்தில் மாற்றினார். முடிந்ததும் வெளியே வந்து, "சார், ஒரு விஷயம். யார் யாரைக் கூப்பிடணும்னு இருக்கிற போன் நம்பர் பட்டியல், நாம நிறுத்தி வெச்ச சர்வர்லதான் இருந்துச்சு. எனக்கு உங்க நம்பர் தெரியும்கிறதால தப்பிச்சேன்"னார்.

எனக்கு சேட்டின் முகம் ஞாபகம் வந்தது. அன்று சாயந்திரமே அந்தப் பட்டியலைத் தாளில் அச்சடித்து, இரும்புப் பெட்டியிருக்கும் அறையின் சுவரில், வெளிப்பக்கமாக, ஒட்டினோம். அடுத்த ஒத்திகை வரும் மாசம். இறுதியாண்டு மாணவர்கள் யாராவது வந்து பார்க்க விரும்பினால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், நான்கு பேரை உள்ளே விட அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பிரியாணி சூடாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.